முதலில் தண்ணீர்

வயதான பெற்றோருக்குக் கால அட்டவணை போடுகிறவர்கள் முதலில் நடைப்பயிற்சியைத்தான் எழுதுகிறார்கள். நான் தண்ணீரிலிருந்து தொடங்குவேன். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடும். கேட்டால், "தாகமே எடுக்கலப்பா" என்பார் அப்பா. அதனால் அவர் நாற்காலி பக்கத்திலேயே ஒரு சொம்பு. ராத்திரி எழுந்திருக்கணுமே என்று பயப்படுகிறவர்கள் பெரும்பங்கைப் பகலிலேயே குடித்துவிடலாம்.

அட்டவணையில் அடுத்தது மாத்திரை நேரம். அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். காபி குறைந்தது அரை மணி கழித்துத்தான். தினமும் சண்டை!

65 வயதைக் கடந்தவர்கள் வாரம் 3 நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சியும் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்தில் ஆள் இருக்க, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பதில் ஆரம்பிக்கலாம்.

அட்டவணை போடுகிறேன் என்று அவர்கள் பார்க்கும் டிவி சீரியலை மட்டும் பிடுங்காதீர்கள். கடைசியாக, மீண்டும் தண்ணீருக்கே வருகிறேன்: இதய, சிறுநீரகச் சிக்கல் உள்ளவர்களுக்குத் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.