வாட்ஸ் எத்தனை சார்?

என் பையனுக்கு இரண்டடி நீளத்தில் ஒரு மரத் தோணி செய்து தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். தூத்துக்குடியில், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணிகளுக்குப் பலகை அடித்த கை அது. இப்போது சென்னையில் என்னோடு ஓய்வு. தோணிக்கு இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் அறுபது பட்டைகள் வேண்டும். கை ரம்பத்தால் அறுக்கத் தோள்பட்டை மறுத்துவிட்டது.

"இவ்வளவுதானே... மிஷின் வாங்கிட்டா போச்சு!" என்று கிளம்பினேன். ஃபைலில் கையெழுத்து வாங்குவதைத் தவிர வேறு கைத்தொழில் அறியாதவன் நான்.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. மேஜைமேல் வைக்கிற குட்டி ரம்ப மிஷின்கள் வரிசையாக இருந்தன. விவரம் தெரிந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "மோட்டார் எத்தனை வாட்ஸ் சார்?" என்றேன். மிக்ஸி வாங்கின அனுபவம்!

அப்பா பிளேடின் கனத்தைக் கேட்டார். "எலேய், பிளேடு ஒரு மில்லி, பட்டை ரெண்டு மில்லின்னா, மூணுல ஒரு பங்கு தேக்கு தூளாத்தான் போவும். கனத்த பிளேடுன்னா கேக்கவே வேண்டாம்."

அடுத்து, மரத்தை ஒட்டி நகர்த்துகிற தடுப்புக் கட்டையை இறுக்கினார். பிளேடுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை முன்னால் ஒருதரம், பின்னால் ஒருதரம் அளந்தார். முதல் மிஷினில் பின்பக்கம் அரை மில்லி குறைச்சல். ஒதுக்கிவிட்டார்.

"நல்லா ஓடுற மிஷின் பெரியவரே!" என்றார் கடைக்காரர்.

"ஓடும். பின்னால இறுக்குச்சுன்னா மரம் பிளேடுல சிக்கி, நிக்கவன் மேலேயே பாயும்." சொல்லிவிட்டு இடது கையைக் காட்டினார்.

ஆள்காட்டி விரலில் ஒரு கணு இல்லை. சின்ன வயசிலிருந்து நான் பார்க்கிற விரல்தான். எப்படிப் போச்சு என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

மூன்றாவது மிஷின் தேறியது. வாட்ஸ் அதில்தான் கம்மி!

வீட்டில் பையன் தோணிக்காகக் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தான். அப்பா முதலில் அறுத்தது தோணிப் பலகை இல்லை. நுனியில் வெட்டு வைத்த சாண் நீளக் கட்டைகள் இரண்டு. மரம் பிளேடை நெருங்கும்போது விரலுக்குப் பதில் அதை வைத்துத் தள்ளணுமாம்.

ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்குப்பா?"

"அறுபது பட்டையையும் நான் ஒத்தையிலயா அறுப்பேன்? உனக்குப் பத்து விரலும் இருக்குல்லா... அப்படியே இருக்கட்டும். பிடி!"