மரத்துக்குக் காயம் படாமல்



மலேசியாவில் ஆண்டுதோறும் மே 16ஆம் நாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று மாணவர்கள் தரும் வாழ்த்து அட்டைகளோடு வீடு திரும்பும்போதெல்லாம், வாழ்நாளில் ஓர் அட்டைகூடப் பெறாத ஆசிரியர் ஒருவரை நினைத்துக்கொள்வேன். அவர் என் அம்மா. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கெடா மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் சீவியவர்.

1989ஆம் ஆண்டு, நான் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா நோயில் படுத்துவிட்டதால், வீட்டுச் செலவு முழுவதும் அம்மாவின் தலையில் விழுந்தது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். ஆகவே நான்கு மணிக்கே என்னை எழுப்பி, வரக்கோப்பி கொடுத்து, உடன் அழைத்துச் செல்வார். நான் முன்னே ஓடி, வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, மங்கைத் துடைத்து வைப்பேன். அம்மா தலைவிளக்கு வெளிச்சத்தில் பின்னால் சீவிக்கொண்டு வருவார். ஏழு மணிக்கு நான் வீட்டுக்கு ஓடிக் குளித்துப் பள்ளிக்குப் போவேன்.

வகுப்பில் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். ஆசிரியர் பல நாள் எச்சரித்தார். ஒரு நாள் பிரம்படி கொடுத்து நாற்காலி மேல் நிற்க வைத்தார். வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் கையிலிருந்த தடிப்பை அம்மா பார்த்துவிட்டார்.

மறுநாள் பால் நிறுத்த கையோடு அம்மா பள்ளிக்கு வந்தார். உடையெல்லாம் பால் கறை. கூடவே ஒட்டுப்பாலின் வாடை. பின்வரிசையில் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அம்மா ஆசிரியரிடம் சண்டையிடவில்லை. “சார், புள்ள மேல தப்பில்ல. நான்தான் வெள்ளன எழுப்பிக் கூட்டிட்டுப் போறேன். இனிமே கூட்டிட்டுப் போகல” என்றார். அவ்வளவுதான். மறுநாள் முதல் அவர் மூன்று மணிக்கே எழுந்து, இருவர் பார்த்த வேலையைத் தனியாகப் பார்த்தார். ஆசிரியரும் அதற்குப் பிறகு என்னை அடித்ததில்லை.

ஆண்டுகள் ஓடின. பயிற்சிக் கல்லூரியை முடித்து, 2002இல் நான் ஆசிரியை ஆனேன். வகுப்பறைக் கட்டுப்பாடு பற்றிப் பாடமாகப் படித்ததெல்லாம் நினைவில் பசுமையாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவன் தினமும் முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவான். ஒரு நாள் பொறுமை இழந்து, எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடுஞ்சொற்களால் ஏசி, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அந்த வார இறுதியில் அம்மாவிடம் அதை ஒரு சாதனைபோலவே சொன்னேன்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே, “அவன் ஏன் தூங்குறான்னு கேட்டியாம்மா?” என்றார்.

நான் கேட்கவில்லை.

சற்று நேரம் கழித்துச் சொன்னார்: “கத்தி ஆழமாப் போனா அன்னைக்கிப் பாலு கொஞ்சம் கூட வரும். ஆனா மரம் காயம் பட்டுப் போகும். அப்புறம் அந்த எடத்துல பட்டை ஒழுங்கா வளராது. மேலாகச் சீவத் தெரியணும்.”

பழைய கதையை அவர் சொல்லிக்காட்டவில்லை. அதனாலேயே அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை அம்மாணவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவனுடைய தாயார் சாலையோரத்தில் நாசி லெமாக் விற்பவர். பொட்டலம் மடிக்க அவன் நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறான். நான்கு மணி! அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் புரியாமல் விழித்தான். அதன்பின் கண் சொருகும் வேளையில் முகம் கழுவிவர அவனை அனுப்புவேன். விட்டுப்போன பாடத்தை ஓய்வு நேரத்தில் சொல்லிக்கொடுப்பேன். ஆண்டு இறுதிக்குள் தடுமாறாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டான்.

அம்மா 2016இல் மறைந்தார். அவர் மரம் சீவிய நிரைகளில் இப்போது செம்பனை நிற்கிறது. அவருடைய கத்தி மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தீட்டித் தீட்டித் தேய்ந்துபோன கத்தி. இன்றும் சில நாள்களில் என் குரல் எல்லை மீறி உயர்ந்துவிடுகிறது. அப்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

மாணவனிடம் கேட்க முடிந்த மன்னிப்பை அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை. பால் வாடையோடு வகுப்பு வாசலில் நின்றவரைப் பார்க்காததுபோல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேனே, அதை அவர் கவனித்திருப்பாரா? கவனித்திருப்பார். மங்கிய விளக்கொளியிலும் பட்டையின் கனத்தை அறிந்த கண்கள் அவை. ஆனாலும் ஒரு நாளும் அவர் அதைக் குறித்துக் கேட்டதில்லை. அங்கும் அவர் மேலாகத்தான் சீவியிருக்கிறார்.

இந்த ஆசிரியர் நாள் வாழ்த்து, அம்மா, உங்களுக்கு.