பெச்சாக்காரரின் சீட்டு

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சைக்கிளுக்கு நல்ல தோல் சீட்டு தேடுகிறவர், கடை ஏறுவதற்கு முன் ஜாலான் பினாங் ஓரமாகப் பெச்சாக்கள் எனப்படும் மூன்று சக்கர மிதிவண்டி ரிக்‌ஷாக்கள் வரிசைகட்டி நிற்கும் இடத்துக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. மலாக்காவின் பெச்சாவில் பயணி சைக்கிளுக்குப் பக்கவாட்டில் உட்காருவார். பினாங்கில் பயணி முன்னால், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே. மிதிப்பவர் பின்னால், ஒற்றைச் சக்கரத்துக்கு மேலே. முன்னால் இருப்பவருக்குத் தடித்த மெத்தை, சாய்மானம், மடக்குக் கூரை, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூ, இருட்டினால் வண்ண விளக்கு. பின்னால் இருப்பவருக்கு ஒரு சைக்கிள் சீட்டு, அவ்வளவுதான். அதன் மேல்தான் அவர் பிழைப்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, ஆள் இழுத்த ரிக்‌ஷாக்களின் இடத்தை இந்த வண்டிகள் பிடித்தன. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இந்த ஊரில் இன்று அவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பி ஓடுகின்றன. சீட்டு சுகமானதா இல்லையா என்பதற்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தஞ்சோங் பூங்கா புறநகர் வரை போய்த் திரும்புகிறவரைவிட, தினமும் அதில் உட்கார்ந்து உழைப்பவரின் உடம்பே நம்பகமான சாட்சி. அந்தச் சாட்சியை வைத்துப் பார்த்தால், நாம் சீட்டு வாங்கும் முறையே தலைகீழாக இருக்கிறது என்பது என் வாதம்.

வரிசையில் நிற்கும் சீட்டுகளைக் குனிந்து பார்த்தால் போதும், கதை புரிந்துவிடும். பெரும்பாலானவை ரெக்சின் போர்த்தி, உள்ளே பஞ்சு வைத்தவை. முன்முனையில், அதாவது மூக்குப் பக்கத்தில், ரெக்சின் வெடித்து, மஞ்சள் பழுத்த பஞ்சு வெளியே தெரியும். அதற்கு மேல் ஒரு பழைய துண்டு. துண்டின் மேல் பிளாஸ்டிக் பை. பையைச் சுற்றி ரப்பர் வார். உட்காருகிறவர் தன் சீட்டைத் தானே திருத்திக்கொண்டே வந்திருக்கிறார். ஒவ்வொரு திருத்தமும் பின்பக்கத்தில், இரண்டு இடங்களில்தான் தடித்திருக்கிறது. பஞ்சு செத்துப்போய், அடியில் உள்ள தகடு எலும்பில் இடிக்கும் இடங்கள் அவை. கடையில் கட்டைவிரலால் அழுத்தியபோது மெத்தென்று உள்வாங்கிய அதே பஞ்சுதான் இது. விரல் அழுத்துவது ஒரு நொடி. அறுபது எழுபது கிலோ உடம்பு அதன் மேல் ஒரு மணி நேரம் இருந்தால் என்ன ஆகும் என்பதை விரல் சொல்லாது.

உட்காரும்போது நம் எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முடிச்சுகள். இந்த வேலைக்கென்றே அமைந்தவை அவை; அழுத்தம் அவற்றுக்குப் பழக்கம். அவற்றுக்கு நடுவே இருக்கும் மென்பகுதிக்குப் பழக்கமில்லை. நரம்பும் ரத்தக்குழாயும் அந்த வழியாகத்தான் போகின்றன. பஞ்சு மிகுந்த சீட்டில் உட்கார்ந்தால் எலும்பு இரண்டும் அமிழ்ந்து போகும். அமிழ்ந்த அளவுக்கு நடுப்பஞ்சு மேலே எழும்பி மென்பகுதியை நெருக்கும். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் இதை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 20 ஆண்களை நான்கு வகைச் சீட்டுகளில் உட்காரவைத்து, ஆணுறுப்பில் ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். குறுகலான, நிறையப் பஞ்சு வைத்த சீட்டில் அது 82.4 சதவீதம் விழுந்தது. பஞ்சே இல்லாத அகலமான தோல் சீட்டில் 63.6 சதவீதம். மூக்கே இல்லாத அகலச் சீட்டில் 20.3 சதவீதம். பஞ்சின் அளவைவிட அகலமே முக்கியம் என்பது அவர்கள் கண்ட முடிவு. தோல் சீட்டின் எண்ணும் பெருமைப்படும்படி இல்லைதான், அதற்குப் பிறகு வருகிறேன். மெத்தென்று இருப்பது சுகம் என்ற எண்ணம் மட்டும் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

நல்ல தோல் சீட்டில் மெத்தை கிடையாது, தகடும் கிடையாது. நாலரை முதல் ஆறு மில்லிமீட்டர் வரை தடிமனான ஒரே தோல், முன்னே மூக்கு இரும்புக்கும் பின்னே வளைந்த பட்டைக்கும் நடுவே தூளி போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், சுற்றிலும் ரிவிட். அடியில் வெறும் காற்று. எலும்பு அழுத்தும் இடத்தில் தோல் சற்றே இறங்கும், மற்ற இடத்தில் விறைப்பாகவே நிற்கும்; மாதக்கணக்கில் ஓட்டினால் அந்த இறக்கம் அப்படியே தங்கி, உட்காருகிறவருக்கு அளவெடுத்ததாகிவிடும். இந்த அமைப்பு பழையது. குதிரைச் சேணத் தோல் தொழிலிலிருந்து வந்த ஜான் பவுல்ட்பீ புரூக்ஸ் 1866இல் பர்மிங்காமில் தொடங்கிய நிறுவனம் 1882இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றது. அந்த நிறுவனத்தில் இன்றும் தோலை நனைத்து, பித்தளை அச்சில் அழுத்தி, உலர்த்துகிறார்கள்; சில மாதிரிகளுக்கு ஓரத்தைக் கையால் சீவி, ரிவிட்டைச் சுத்தியலால் அடிக்கிறார்கள். மலாயாவுக்கு வந்த ராலே, ரட்ஜ், ஹம்பர் சைக்கிள்கள் இப்படிப்பட்ட, ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டுகளோடு வந்தவை. அவற்றின் மிச்சத்தை லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் பார்க்கலாம்: தார்ப்பாயின் மேல் பழைய கடிகாரத்துக்கும் மண்ணெண்ணெய் விளக்குக்கும் நடுவே, இரும்பு துருப்பிடித்து, தோல் மட்டும் கறுத்து மினுமினுத்துக் கிடக்கும் ஒரு சீட்டு. கவிழ்த்துப் பார்த்தால் மூக்குக்கு அடியில் ஒரு திருகு தெரியும். தோல் தொய்யத் தொடங்கினால் கால் சுற்று இறுக்க வேண்டியது அந்தத் திருகைத்தான். பழைய சீட்டுகளில் முதலில் துருப்பிடித்து இறுகிப்போவதும் அதுதான். திருகு சுற்றவில்லை என்றால், தோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

எந்தத் தோலும் இந்த வேலைக்கு ஆகாது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, நீருக்கும் சூட்டுக்கும் அதிகம் தாங்கும், ஆனால் இழுத்துக் கட்டினால் தொய்ந்துகொண்டே போகும். அச்சில் வடித்த வடிவத்தைப் பிடித்து வைக்காது. சீட்டுக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் மெதுவாகப் பதனிட்ட தோல். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொழில் அந்நியமில்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட மதராஸ் தோல் ஒரு காலத்தில் லண்டன் ஏலத்துக்குக் கப்பல் கப்பலாகப் போனது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரத்தில் பட்டைப் பதனிடல் இன்னமும் நடக்கிறது. அவை பெரும்பாலும் காலணிக்கும் பைக்கும் ஏற்ற மெல்லிய தோல்கள்; சீட்டுக்கு அதே முறையில் பதனிட்ட, முதுகுப் பின்பகுதியின் தடித்த தோல் வேண்டும். கடையில் இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைப் பதனிடல், நடுவில் நீலம் கலந்த சாம்பல் ஓடினால் குரோம். அடிப்பக்கம் பூச்சில்லாத இடத்தில் ஒரு துளி நீர் விட்டால் பட்டைத் தோல் உறிஞ்சிக் கறுக்கும். மேலே விரலால் சுண்டினால் விறைப்பான சத்தம் வர வேண்டும். அமுங்கிப்போனால் தோலுக்கு அடியில் பஞ்சோ அட்டையோ இருக்கிறது, வெளித்தோல் வெறும் போர்வை.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது அகலம். அதை முடிவு செய்வது முதுகின் சாய்வு. குனிந்து ஓட்டும்போது இடுப்பு முன்னே உருண்டு, எலும்பின் குறுகிய பகுதி சீட்டில் படும். நிமிர்ந்து உட்கார்ந்தால் அகன்ற பகுதி படும், எடையும் முழுக்கப் பின்னால் இறங்கும். புரூக்ஸின் பி17 சுமார் 175 மில்லிமீட்டர் அகலம், கொஞ்சம் குனிந்து தூரம் போகிறவருக்கு. ஸ்பிரிங் வைத்த பி67 சுமார் 205 மில்லிமீட்டர், நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு. பாற்கேனைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் போன பால்காரரும், பின்னால் பெட்டி கட்டி ரொட்டி விற்ற மாமாக்களும் நிமிர்ந்து ஓட்டியவர்கள். பெச்சாக்காரர் இன்னும் நிமிர்ந்தவர். அவர் பிடிப்பது சைக்கிளின் ஹேண்டில்பார் அல்ல, பயணியின் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே ஓடும் கம்பி. முன்வண்டி முழுவதையும் தள்ளித்தான் திருப்ப வேண்டும். கைகள் எடை தாங்காது, எல்லாம் சீட்டுக்கே. அவருக்குப் பந்தயச் சைக்கிளின் சீட்டைக் கொடுப்பது அநியாயம். பந்தயக்காரருக்கு அவருடைய சீட்டு தொடையில் உராயும். உங்கள் அளவு தெரிய ஒரு நெளிவு அட்டையைப் படிக்கட்டில் போட்டு உட்கார்ந்து எழுங்கள். விழுந்திருக்கும் இரண்டு குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையில் அளந்து, குனிந்து ஓட்டுகிறவர் இரண்டு சென்டிமீட்டரும், நிமிர்ந்து ஓட்டுகிறவர் அதற்கு மேலும் கூட்டிக்கொள்ளலாம். விளிம்பு இரும்பின் மேல் எலும்பு உட்காரும்படியான சீட்டு, எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், உங்களுக்கு உரியதல்ல.

இந்த ஊர் மழைக்குத் தோல் எப்படித் தாங்கும் என்பதுதான் முதலில் எழும் கேள்வி, நியாயமானதும்கூட. பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழை இல்லாத நாளிலும் காற்று ஈரம். நனைந்த தோலின் மேல் உட்கார்ந்து ஓட்டினால் அது ஒரே நாளில் தொய்ந்து, பிறகு திரும்பாது. ஆனால் மரப்பட்டைச் சாறு மக்கிப்போவதைத் தடுக்கும் என்பதை இந்தக் கடலோரம் நன்றாக அறியும். நைலான் வருவதற்கு முன் மீனவர்கள் பருத்தி வலையை அலையாத்தி மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துத்தான் கடலுக்குக் கொண்டு போனார்கள். அதே குணம் தோலுக்கும் உண்டு, கொஞ்சம் கவனித்துக்கொண்டால். வண்டியை நிறுத்தும்போது உறை. வீடு வந்ததும் உறையைக் கழற்றிக் காற்றாட விட வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிக்குக்குள் ராத்திரி முழுக்க மூடிய தோலில்தான் பூஞ்சை பிடிக்கும். நனைந்துவிட்டால் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலிலோ அடுப்போரமோ வைத்தால் சுருங்கி வெடிக்கும். ஆண்டுக்குச் சில தடவை மெழுகு கலந்த கொழுப்பை மேலே மெல்லத் தேய்த்தால் போதும். எண்ணெயில் ஊறவைப்பது சீட்டை மென்மையாக்குகிற மாதிரி தெரியும், உண்மையில் தூளியின் விறைப்பைக் கொன்றுவிடும். பராமரிக்க நேரமில்லாதவருக்குத் தோல் வேண்டாம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

மூக்கைப் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம், சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீசாருக்கு மூக்கில்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தது. மென்பகுதியில் அழுத்தம் 66 சதவீதம் குறைந்திருந்தது. மரத்துப்போவதாகச் சொன்னவர்கள் 73 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தார்கள். 2008இல் வெளிவந்த இந்த முடிவைத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. வேலைக்காகச் சீட்டில் உட்காருகிறவர்களிடம் எடுத்த அளவு இது. இரண்டு சக்கரச் சைக்கிளில் மூக்கு தொடைகளுக்கு நடுவே நின்று வண்டியைக் கட்டுப்படுத்த உதவுகிறது. பெச்சாவுக்கு மூன்று சக்கரம், விழாது. அங்கே மூக்கின் வேலை, கனமான முன்வண்டியைத் திருப்பும்போது உடம்புக்கு முட்டுக் கொடுப்பது மட்டுமே. ஆகவே பெச்சாவுக்கு மிகக் குட்டையான மூக்கோடு அகலமான தோல் சீட்டு செய்வது அறிவுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். சாதாரணச் சைக்கிளில் தோல் சீட்டு வைத்திருப்பவருக்கு மரத்துப்போகிறது என்றால், பழகினால் சரியாகும் என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. சில நூறு கிலோமீட்டரில் தோல் பழகும், எலும்புக்கு மேல் உள்ள தசையின் வலியும் குறையும். மரத்துப்போவது வேறு, அது சீட்டின் சாய்வோ அகலமோ தவறு என்பதற்கு அறிகுறி.

மகா மாரியம்மன் கோவிலும் கபித்தான் கிளிங் பள்ளிவாசலும் சில நிமிட நடைத் தூரத்தில் நிற்கும் நகரத்தில், எந்த மிருகத்தின் தோல் என்று கேட்காமல் இருக்க முடியாது. மாட்டுத் தோலில் உட்கார மனம் ஒப்பாதவர் இருக்கிறார், பன்றித் தோலைத் தொடாதவர் இருக்கிறார், எந்தத் தோலும் வேண்டாம் என்பவரும் இருக்கிறார். கடைக்காரர் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தோல் வேண்டாம் என்பவருக்கும் தூளி அமைப்பு கிடைக்கும்: 2013இல் புரூக்ஸே ரப்பரையும் பருத்தித் துணியையும் சேர்த்துக் கேம்பியம் என்ற சீட்டைக் கொண்டு வந்தது. அது உடம்புக்கு ஏற்ப வடிவம் மாறுவது குறைவு, மழைக்குத் தாங்குவது அதிகம். அகலத்தையும் விறைப்பையும் பற்றி நான் சொன்னது எல்லாம் அதற்கும் பொருந்தும்.

விலைதான் மிச்சம். இறக்குமதித் தோல் சீட்டுக்குச் சில நூறு ரிங்கிட் ஆகும். ரெக்சின் சீட்டு அதில் சிறு பங்கு. சொந்தச் சைக்கிள் வைத்திருப்பவர் அதைத் தன் முடிவாக எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டு உழைக்கும், ரிவிட் போனால் மாற்றலாம், திருகை இறுக்கலாம். பெச்சாக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்வது சரியாகாது. நாளைய வருமானம் மழையைப் பொறுத்திருக்கும்போது பத்து ஆண்டு உழைக்கும் பொருளை வாங்கும் பணம் இன்று கையில் இருக்காது. பாரம்பரிய நகரத்தின் முகமாக அவர் வண்டியைப் படமெடுத்துப் போடுகிறவர்கள் பலர். கூரைத் துணி, பூ, விளக்கு, வர்ணம் என்று அந்த வண்டியைப் புதுப்பிக்க யார் காசு கொடுத்தாலும், மாநகர் மன்றமோ ஹோட்டலோ, மிதிப்பவரின் சீட்டும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும்: 200 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம், ஐந்து மில்லிமீட்டர் பட்டைத் தோல் அல்லது அவர் விரும்பினால் துணித் தூளி, குட்டை மூக்கு, இரட்டை ஸ்பிரிங், இறுக்கும் சாவி, ஒரு மழை உறை. பொருத்துவதற்கு முன் அவரை அட்டையில் உட்காரவைத்து அளவெடுக்கவும் வேண்டும்.