நூற்று எண்பத்தொரு பாகை

வயது முப்பதைத் தாண்டியபின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் மாணவியாகச் சேர்வதென்றால், காலையில் பிள்ளையின் மதிய உணவோடு நம் உணவையும் சேர்த்துக் கட்ட வேண்டும். என் மகன் நான்காம் வகுப்பு, நான் பி.எட். முதலாண்டு. இருவருக்கும் வீட்டுப்பாடம் உண்டு. மாலையில் யார் முதலில் முடிப்பது என்று போட்டி நடக்கும். பெரும்பாலும் அவனே வெல்வான்.

ஆசிரியை ஆக வேண்டும் என்ற எண்ணம் பெருந்தொற்றுக் காலத்தில் என்னுள் விழுந்த விதை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறந்தன. அந்நாள்களில் எங்கள் தெருவில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். பாடம் ஓடி முடிந்ததும் ஐந்து முகங்களும் என் பக்கம் திரும்பும். "அக்கா, இப்போ அது என்ன சொல்லிச்சு?" என்பார்கள். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று வீட்டோடிருந்த எனக்கு, அந்தக் கேள்வியே அழைப்பாயிற்று.

என் தந்தையார் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். புளியங்கொட்டையும் சோழியும் கொண்டு கூட்டல் கற்பித்த தலைமுறை. ஆயினும் அவரைப் புதுமைக்குப் பகைவர் என்று நினைத்துவிட வேண்டாம். அகில இந்திய வானொலியின் பள்ளி ஒலிபரப்பைப் பிள்ளைகள் கேட்பதற்காகத் தலைமையாசிரியர் அறையிலிருந்த வானொலிப் பெட்டியை வேப்பமரத்தடிக்குத் தூக்கி வந்தவர் அவர். "பெட்டியை நிறுத்தின பிறகுதான் அம்மா எனக்கு வேலை ஆரம்பிக்கும்" என்று அவர் சொல்வதுண்டு. அதை நான் பழங்கதையாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் கற்பித்தலுக்கான தொழில்நுட்பம் தனிப் பாடமாகவே இருந்தது. நகரும் படங்களும் ஒலியும் சேர்த்துப் பாடம் தயாரித்தல், இணையவழித் தேர்வு அமைத்தல், பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள கியூ.ஆர். குறியீட்டின் வழியே காணொளியைத் திறந்து காட்டுதல் என ஒவ்வொன்றையும் பழகினோம். என்னைவிடப் பத்து வயது இளைய தோழியர் ஒரு நிமிடத்தில் செய்வதை நான் ஒரு மாலை முழுவதும் செய்வேன். இரவில் மகன் உறங்கியபின் மடிக்கணினியோடு போராடிக் கற்றவையே மிகுதி.

இடையே ஒன்று சொல்ல வேண்டும். படித்தவற்றில் 10 விழுக்காடும், கேட்டவற்றில் 20 விழுக்காடும், செய்தவற்றில் 90 விழுக்காடும் நினைவில் நிற்கும் என்று எட்கர் டேல் வரைந்த அனுபவக் கூம்பின்மேல் எழுதப்பட்ட படம் ஒன்று பயிற்சிக் கல்லூரிகள் பலவற்றில் வலம் வருகிறது. நானும் அதை அழகாக வரைந்து மதிப்பெண் பெற்றேன். டேல் அக்கூம்பை வெளியிட்டது 1946-ல். அவருடைய கூம்பில் விழுக்காடு எதுவுமே இல்லை. அவையெல்லாம் வேறு யாரோ ஒட்டியவை என்பதைப் பின்னரே அறிந்தேன். எண்ணாக எழுதியிருந்தால் எதையும் நம்பிவிடுகிறோம். இது நினைவிலிருக்கட்டும், காரணம் பின்னால் வருகிறது.

கணிதம் கற்பிப்போர்க்கு ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள் பெரும் கொடை. ஆஸ்திரியா நாட்டுச் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001-ல் தொடங்கியது அது. கற்போரும் கற்பிப்போரும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களிலும் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதியில் அது இடம் பெற்றிருக்கிறது. திரையில் ஒரு முக்கோணம் வரைந்து அதன் முனையை விரலால் இழுத்தால் வடிவம் மாறும். கோண அளவுகளும் கண்முன்னே மாறும். முதன்முறை அதைக் கண்டபோது, நான் படித்த நாளில் இது இல்லாமற்போயிற்றே என்று ஏங்கினேன்.

இரண்டாம் ஆண்டில் கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டேன். முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த தொடுதிரைப் பலகை அங்கிருந்தது. ஏழாம் வகுப்பு; 42 பிள்ளைகள். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதே பாடம். அன்று என்னை மதிப்பிடக் கல்லூரிப் பேராசிரியர் வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். பிள்ளைகள் எளிதாகக் கூட்டட்டும் என்று, கோண அளவுகளில் புள்ளிக்குப் பின்வரும் எண்களைத் திரையிலிருந்து முந்தின இரவே நீக்கியிருந்தேன்.

முனையை இழுத்து நிறுத்தினேன். 51, 61, 69 என்று திரை காட்டியது. "கூட்டிப் பாருங்கள், 180 வரும்" என்றேன். வழக்கம்போல் வகுப்பு முழுவதும் "ஆமாம் டீச்சர்" என்றது. மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி மட்டும் எழுந்தாள்.

"டீச்சர், 181 வருது."

நான் கூட்டிப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. பேராசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார், நேரம் ஓடுகிறது, கணினி பிழை செய்யாது என்ற நினைப்பு வேறு. "தப்பாய்க் கூட்டியிருப்பாய், கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமா? உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் அமர்ந்து நோட்டில் மறுபடி கூட்டினாள். நிமிர்ந்து திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பின்பு நோட்டை மூடிவிட்டாள். மீதிப் பாடத்தில் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் கை உயரவில்லை.

மதிப்பீட்டுத் தாளில் ‘தொழில்நுட்பப் பயன்பாடு’ என்றொரு வரி உண்டு. அதற்கு எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

பேராசிரியர் சென்றபின், எனக்கு வழிகாட்டியாக இருந்த அவ்வகுப்பின் ஆசிரியை மெல்ல அருகில் வந்தார். இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர். "அந்தப் பிள்ளை சரியாய்த்தானே கூட்டினா, டீச்சர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்றிரவு மடிக்கணினியில் அதே முக்கோணத்தைத் திறந்து, நீக்கிய எண்களைத் திரும்பக் கொண்டு வந்தேன். 50.6, 60.6, 68.8. கூட்டினால் சரியாக 180. ஒவ்வொன்றையும் அருகிலுள்ள முழு எண்ணாக்கிக் காட்டும்படி நானே இயந்திரத்துக்குக் கட்டளையிட்டிருந்தேன். மூன்றும் சிறிது சிறிது கூடி, ஒரு பாகை மிகுந்துவிட்டது. இயந்திரம் பொய் சொல்லவில்லை, சிறுமியும் தவறவில்லை. இருவருக்கும் நடுவே நின்ற நான்தான் தவறினேன்.

தந்தையாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு அதே வகுப்பு இருக்கில்லையா?" என்றார். வேறு அறிவுரை ஏதும் இல்லை.

மறுநாள் பலகையை இயக்காமலே தொடங்கினேன். "நேற்று உங்கள் தோழி சொன்னது சரி. கூட்டிப் பார்க்காமல் நான்தான் தவறாகச் சொன்னேன்" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. ஆசிரியர் இப்படிச் சொன்னால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை போலும். அவளோ தலை குனிந்து பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பழைய நாட்காட்டித் தாள்களில் ஆளுக்கொரு முக்கோணம் வெட்டச் சொன்னேன். மூன்று முனைகளையும் கிழித்து அருகருகே ஒட்டியபோது, 42 முக்கோணங்களும் ஏறத்தாழ நேர்கோட்டில் வந்து நின்றன. சிலவற்றில் இடைவெளி தெரிந்தது, கத்தரிக்கோலின் குற்றம். காகிதம் அவ்வளவுதான் காட்டும். எனவே கரும்பலகையில் உச்சிப்புள்ளி வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்தோம். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பது அவர்கள் முன்பே படித்தது. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தம் முதல் நூலின் 32-ஆம் தேற்றத்தில் நிறுவியதும் இக்கருத்தே. 180-தான் வந்தாக வேண்டும், வேறு வழியில்லை என்பது அளவுகோலின்றியே விளங்கிற்று.

அதன்பின்தான் திரையை ஏற்றினேன். முனையை இழுக்க அச்சிறுமியையே அழைத்தேன். முதலில் தயங்கினாள், பின்பு முக்கோணத்தைப் படுக்கவைத்தே விட்டாள். 1, 2, 177. கத்தரிக்கோலால் இப்படியொரு முக்கோணம் வெட்ட இயலுமா? இயந்திரத்தின் பெருமை அதுவே. இன்னோர் இடத்தில் 45, 62, 72 என்று நின்றது. "179!" என்று வகுப்பே கூவியது. ஏன் என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். புள்ளிக்குப் பின் இரண்டு தானங்கள் வைத்தோம். அப்போதும் ஓரிடத்தில் 59.33, 60.33, 60.33 என்று வந்து, கூடுதல் 179.99-ல் நின்றது.

"பத்துத் தானம் வைக்கலாமா, டீச்சர்?" என்று கேட்டாள் அவள்.

வைத்தோம். நீண்ட எண்கள் மூன்று திரையை நிறைத்தன. கூட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. அவள் மட்டும் நின்று அவற்றை நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் முதல் மணிக்கு முன்பே ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். நோட்டை நீட்டினாள். மூன்று முறை கூட்டியிருந்தாள். பத்தாம் தானத்தில் ஒன்று குறைந்திருந்தது.