வைகறை ஓட்டக்காரர்

உடலை ஓம்புவதும் ஓர் அறமே என்பது நம் முன்னோர் கொள்கை. சிலம்பம், சடுகுடு, இளவட்டக்கல் தூக்குதல் முதலியவற்றால் ஊர்தோறும் இளைஞர் தம் உடலை உறுதி செய்து வந்தனர். விளையாட்டுகளுள் கருவி வேண்டாதது, துணை வேண்டாதது, தனிக் களமும் வேண்டாதது ஓட்டம். நடக்கக் கற்ற குழந்தை சில திங்களுக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது. அதற்கு எவரும் பயிற்சி அளிப்பதில்லை. ஆயினும், பள்ளிப் பருவம் கழிந்ததும் மக்களுள் பெரும்பாலோர் ஓட்டத்தை மறந்துவிடுகின்றனர். புறப்பட்டுவிட்ட பேருந்தைப் பிடிப்பதற்கன்றி அவர்கள் கால்கள் விரைவதில்லை.

அண்மைக் காலத்தில் இந்நிலை சிறிது மாறியுள்ளது. சென்னையில் 2006ஆம் ஆண்டு 'சென்னை ரன்னர்ஸ்' என்னும் ஓட்டக் குழு தோன்றியது. அதன் பின்னர், வைகறையில் எழுந்து ஓடுவோர் தொகை நகரிலும் புறநகரிலும் பெருகிற்று. இவர்கள் ஓட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். பரிசு பெறுவோம் என்னும் எண்ணமும் பெரும்பாலோர்க்கு இல்லை. ஆசிரியரும் வங்கி ஊழியரும், கடை நடத்துவோரும் இல்லறப் பெண்டிரும் இவர்களுள் உளர். விருப்பம் ஒன்றே இவர்களை விடியுமுன் எழுப்புகிறது.

சென்னையின் தெற்கு வாயிலாக விளங்குவது தாம்பரம். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கு இடம் பெயர்ந்து வந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சு முதலியோர் பேணிய மரங்கள் அதன் வளாகத்தில் இன்று அடர்ந்த சோலையாய் நிற்கின்றன. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. வீடுகள் நெருங்கின, ஊர்திகள் பெருகின. ஆயினும், காலை ஐந்து மணிக்கு முன்னர்ப் பழைய அமைதி சிறிது நேரம் திரும்புகிறது. பால் வண்டியும் முதல் ரயிலும் எழுப்பும் ஓசையன்றி வேறு ஓசை அரிதாகும் அப்பொழுதே ஓட்டக்காரர்க்கு உரிய பொழுது.

அத்தகையோருள் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் வயது நாற்பதை நெருங்குகிறது. நாள்தோறும் மின்சார ரயிலில் சென்று அலுவலகத்தில் அமர்ந்து பணியாற்றுபவர். குருதியில் சர்க்கரை மிகுந்துள்ளது என்று மருத்துவர் கூறுகிறார். வீட்டில் பள்ளி செல்லும் மக்கள் இருவர். 'இன்னும் இருபது ஆண்டுகள் இவர்களுக்கு நான் வேண்டுமே' என்னும் எண்ணம் அவர் உறக்கத்தைக் கலைக்கிறது. மருத்துவரின் இசைவு பெற்று அவர் ஓடத் தொடங்குகிறார்.

முதல் நாள் ஓட்டம் தெருமுனைக்கு அப்பால் செல்லவில்லை. இருநூறு மீட்டருக்குள் மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது. தெருநாய்கள் குரைத்துக்கொண்டு பின்தொடர்ந்தன. கோலமிட வாயில் தெளித்துக்கொண்டிருந்த அண்டை வீட்டு அம்மையார், "ஏன் தம்பி, யாராவது துரத்துகிறார்களா?" என்று வினவினார். அவர் நகைத்துக்கொண்டே நடந்து வீடு சேர்ந்தார். ஆனால், மறுநாளும் புறப்பட்டார். முதல் நாள் ஓடுவது ஆர்வத்தின் செயல். இரண்டாம் நாள் ஓடுவதே உறுதியின் செயல்.

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அவர் மாறி மாறிப் பயின்றார். ஓடும்பொழுது உடன் வருபவரோடு தடையின்றிப் பேச இயலுமாயின் அவ்வேகமே தொடக்கத்தில் தக்க வேகம் என்று குழுவில் இருந்த மூத்தோர் அறிவுறுத்தினர். மூன்று திங்களில் ஐந்து கிலோமீட்டர் நில்லாமல் ஓட வந்தது. உடனே ஆவல் கரை கடந்தது. ஒரே வாரத்தில் தொலைவை இரு மடங்காக்கினார். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி வலி எழுந்தது. மாடிப்படி ஏறுவதும் துன்பமாயிற்று. நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் உறுதி பெறப் பல திங்கள் ஆகும். இவ்வுண்மையை அவருக்கு உணர்த்தியது நூலன்று, வலியே உணர்த்தியது. மூன்று வாரம் ஓய்ந்திருந்தார். பின்னர், வாரந்தோறும் சிறிது சிறிதாகவே தொலைவைக் கூட்டினார்.

ஓட்டம் அவருக்குத் தம் ஊரையும் காட்டிற்று. ரயில் சாளரத்தின் வழியே இருபது ஆண்டுகளாகக் கண்டும் காணாத இடங்களைக் கால்கள் கண்டன. சேலையூர் கடந்து மாடம்பாக்கம் செல்லும் வழியில், சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் விடியலொளியில் துலங்கிற்று. மேடவாக்கம் வழியாக வடக்கே சென்ற நாள்களில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து நீர்ப்பறவைகள் கண்ணுக்கு விருந்தளித்தன. 2022ஆம் ஆண்டில் இராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்ட நிலம் அது. தெற்கே வண்டலூரில் உயிரியல் பூங்காவை ஒட்டிய காட்டின் குளிர்காற்று உடலைத் தழுவிற்று.

வடக்கே பல்லாவரம். 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூசு பூட் என்னும் நிலவியல் அறிஞர், பழைய கற்கால மாந்தர் செய்த கற்கருவியை அங்கே கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சிக்கு அதுவே தோற்றுவாய். அம்மாந்தர் வேட்டையின்பொருட்டு இந்நிலத்தில் ஓடியிருப்பர். வேகத்தில் மானும் முயலும் மனிதனை வெல்லும். ஆனால், உடல் முழுதும் வியர்த்து வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலில் அவை மனிதனுக்கு ஈடாகா. நெடுந்தொலைவு ஓடும் வன்மை மாந்தர்க்கு அமைந்தமைக்கு அவ்வியர்வை ஒரு காரணம் என்பர் அறிஞர்.

அவ்வியர்வையே சென்னையில் ஓடுவோர்க்குச் சோதனையாகவும் அமைகிறது. வியர்வை ஆவியாக மாறினால்தான் உடல் குளிரும். கடற்கரை நகரின் காற்றிலோ ஈரம் மிகுதி. ஆதலால், வியர்வை எளிதில் உலராது ஒழுகிக்கொண்டேயிருக்கும். சித்திரை, வைகாசித் திங்களில், கதிரவன் தோன்றுமுன்னரே சட்டை நனைந்துவிடுகிறது. வீடு திரும்பியதும் உப்பிட்ட நீர்மோர் அருந்துவது அவர் வழக்கமாயிற்று. நீர் குடியாமை தீங்கு. உப்பு இல்லாத நீரை அளவின்றிக் குடிப்பதும் குருதியில் உப்பின் அளவைக் குறைத்துத் தீங்கு பயக்கும் என்பதை மூத்தோரிடம் கேட்டறிந்தார். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வேறொரு தடையாயிற்று. 2015ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில் ஒரே நாளில் 49 செண்டிமீட்டர் மழை கண்ட ஊர் தாம்பரம். முடிச்சூர் முதலிய பகுதிகள் அப்பொழுது வெள்ளத்தில் ஆழ்ந்தன. தெருவில் நீர் தேங்கிய நாள்களில் குழிகள் கண்ணுக்குப் புலனாகா. அத்தகைய நாள்களில் அவர் மொட்டை மாடியில் பயின்றார், அல்லது, பயிலாதிருந்தார். மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் வந்ததும் அதே கால்கள் அதே சாலையில் எளிதாக விரைந்தன. கோடையில் பட்ட பாடு குளிர்காலத்தில் பயனளித்தது. சென்னையின் பெரிய மாரத்தான் சனவரித் திங்களில் நடைபெறுவது காலநிலை அறிந்து செய்த ஏற்பாடே.

அவர் முதலிற் கலந்துகொண்டது பத்துக் கிலோமீட்டர்ப் போட்டி. மார்பில் எண் தாங்கிய துணிபோன்ற தாள்; அதன் பின்னே காலத்தைக் கணக்கிடும் சிறிய கருவி; சுற்றிலும் ஆயிரக்கணக்கான மக்கள். ஒலி முழங்கியதும் கூட்டம் ஓடிற்று. அவரும் தம்மை மறந்து பாய்ந்தார். மூன்று கிலோமீட்டருக்குள் களைப்பு மேலிட்டது. அறுபது வயது கடந்த மூதாட்டியார் ஒருவர், சீரான அடிவைப்புடன் அவரைக் கடந்து சென்றார். அவர் முகத்தில் வெற்றிச் செருக்கு இல்லை, "மெல்ல வாருங்கள், தம்பி, வழி இன்னும் இருக்கிறது" என்ற பரிவே இருந்தது. பந்தயத்தில் முதற் பகை பிறர் அல்லர், தம் அவசரமே என்பதை அவர் அன்று அறிந்தார்.

பத்துக் கிலோமீட்டர் ஓடியவர் அரை மாரத்தானை விழைவதும், அதை முடித்தவர் முழு மாரத்தானை விழைவதும் இயல்பு. 1896ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் நிகழ்ந்த முதல் ஒலிம்பிக்கு மாரத்தானில் வென்ற கிரேக்கராகிய இசுபிரிடான் லூயி, தண்ணீர் சுமந்து விற்ற எளியவர். 1908ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில் ஓடிய 42.195 கிலோமீட்டரே, 1921 முதல் நிலையான அளவாயிற்று. நம் நாட்டின் சிவநாத் சிங், 1976ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கு மாரத்தானில் பதினோராம் இடம் பெற்றார். 1978ஆம் ஆண்டு சலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி, அவர் நாட்டிய தேசியச் சாதனை பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது. பௌசா சிங் என்னும் முதியவர், 2000ஆம் ஆண்டு இலண்டனில் தம் 89ஆம் வயதில் முதல் மாரத்தானை ஓடினார். சென்னையிலும் சான்று உண்டு. 2006 முதல் 2011 வரை மாநகர மேயராக இருந்த மா. சுப்பிரமணியன், நீரிழிவு நோய் உடையவராயினும் நடுவயதில் ஓடத் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை நிறைவு செய்தார்.

தாம்பரத்தார்க்கு மாரத்தானின் தொலைவை விளக்குதல் எளிது. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இடையிலுள்ள நிலையங்கள் அனைத்தையும் கால்நடையாகவே கடந்து, அதன் பின்னும் 12 கிலோமீட்டர் ஓட வேண்டும். உடல் தன் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கும் மாவுப்பொருட் சேமிப்பு, பலருக்கு அந்த முப்பதாம் கிலோமீட்டர் அளவிலேயே தீர்ந்துவிடுகிறது. கால்கள் கல்லாகின்றன, எண்ணம் தடுமாறுகிறது. வழியில் வாழைப்பழமோ கடலைமிட்டாயோ உண்ணாதவர் நிலை இன்னும் கொடிது.

பல திங்கள் பயின்ற பின்னர் அவர் முதல் முழு மாரத்தானில் ஓடினார். கதிரவன் தோன்றுமுன் ஓட்டம் தொடங்கிற்று. முதற் பாதி இனிதாகவே கழிந்தது. பொழுது ஏறியது; அவ்வாண்டு குளிர் குறைவு. முப்பத்திரண்டாம் கிலோமீட்டரில் வியர்வை நின்றது, உடல் சிலிர்த்தது, சாலையோர மரங்கள் ஆடுவனபோல் தோன்றின. முடிவிடத்தில் மனைவியும் மக்களும் காத்திருந்தனர். 'இன்னும் பத்தே கிலோமீட்டர்' என்றது மனம். 'நில்' என்றது உடல். இரண்டனுள் எதற்குச் செவி சாய்ப்பது? சிறிது தூரம் தள்ளாடிச் சென்ற அவர், தொண்டர்கள் நின்ற பந்தலில் அமர்ந்துவிட்டார். மருத்துவர் வந்து தலையிலும் கழுத்திலும் குளிர்ந்த நீர் ஊற்றினார். "இன்னும் ஓடியிருந்தால் இடர் நேர்ந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை இளைய மகன், "அப்பா, பதக்கம் எங்கே?" என்று கேட்டான். "அது அடுத்த ஆண்டு வரும்; நான் இன்று வந்துவிட்டேன்" என்றார் தந்தை. சிறுவனுக்கு அது முழுதும் விளங்கவில்லை. அவன் தாய்க்கு விளங்கிற்று.

வள்ளுவர் தம் நூலில் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். வலியறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முயற்சியைப் போற்றியவரே வலிமையின் எல்லையை அறிதலையும் போற்றினார். முயலாதவன் தன் வலிமையை அறியான்; அறிந்தும் எல்லை கடப்பவன் அதை இழப்பான். ஓட்டப் பயிற்சி இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்கிறது. களைப்பு என்பது வேறு, தீங்கின் முன்னறிகுறி என்பது வேறு. பல நாள் ஓடிப் பழகியவர்க்கே இவ்வேறுபாடு புலனாகும்.

அடுத்த ஆண்டு அவர் மீண்டும் ஓடினார். கோடையில் பொறுமையுடன் பயின்றார். நீரும் உப்பும் உணவும் உரிய இடங்களில் கொண்டார். தம்மை முந்துவோரை முந்தவிட்டார். ஐந்து மணி நேரத்திற்கும் மேலாயிற்று. முதல்வர் பரிசு பெற்றுக் குளித்து உண்டிருக்கக்கூடும் அந்நேரத்தில், இவர் முடிவுக்கோட்டைக் கடந்தார். எவரும் அவர் பெயரை ஒலிபெருக்கியில் கூறவில்லை. சர்க்கரை நோய் அவரைவிட்டு முற்றும் அகலவில்லை, ஆனால், அடங்கியிருந்தது. மறு வாரம் திங்கட்கிழமை விடியுமுன் தாம்பரத்துத் தெருவில் அவருடைய காலடியோசை வழக்கம்போல் கேட்டது. இப்பொழுது நாய்கள் குரைப்பதில்லை. வாயில் தெளிக்கும் அண்டை வீட்டு அம்மையார் தம் பெயரனை அனுப்பி, "இவனையும் உடன் அழைத்துச் செல், தம்பி" என்றார்.