மாலோ ஊர்ப் போக்கிரிகளும் மீனாட்சியும்

வயலினில் நான் முதன்முதலாக முழுசாக வாசித்த பாட்டு 'வந்தே மீனாக்ஷி'. அப்போது ஆறாம் வகுப்பு. வாசித்து முடித்ததும் பாட்டி, "எங்க ஊர் அம்பாள் பாட்டு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அதை வாசித்துக் காட்டியாக வேண்டும்.

போன வருடம் கல்லூரி விழாவில் அதையே வாசித்தேன். இறங்கி வந்ததும் ஒருவன், "மச்சி, இது இங்கிலீஷ் படத்துல வர்ற ட்யூன்டா. சுட்டதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் பிறகு உறுத்தியது. கொஞ்ச நாள் வயலினைத் தொடவே இல்லை.

அவன் சொன்ன படம் 1952-இல் வந்த 'தி க்வயட் மேன்'. அதில் வரும் மெட்டின் பெயர் 'தி ரேக்ஸ் ஆஃப் மாலோ'. ரேக் என்றதும் சருகு வாருகிற சாமான் என்று நினைத்தேன் (சிரிக்காதீர்கள்!). காசைக் கரைத்துக் குடித்துக் கூத்தடிக்கும் பணக்காரப் பையன்களுக்குத்தான் அந்தப் பெயர். மாலோ அயர்லாந்தில் கார்க் பகுதியில் இருக்கும் ஊர். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே உள்ள ஊற்றில் குளித்தால் நோய் தீரும் என்று வசதியானவர்கள் கூடினார்கள். கூடவே இந்தப் போக்கிரிகளும்! 1740-களிலேயே மெட்டு அச்சில் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் இதற்கே வேறு பெயர்: சாண்டி ஒருவனுக்குத் தன் பொடி டப்பாவைக் கடன் கொடுத்த கதை. போட்டவர் யார்? தெரியாது. அக்கவுண்ட்ஸ் படிக்கிற எனக்கு உரிமையாளர் பெயர் இல்லாத சொத்தைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

அது நம்மிடம் வந்த வழி இன்னும் சுவாரஸ்யம். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கும் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. தம்பி பாலுசுவாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். சுமார் 40 இருக்கும். 'நோட்' என்ற ஆங்கிலச் சொல்லே ஒட்டிக்கொண்டு நோட்டுஸ்வரம் என்று பெயர் வந்தது. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுகூட 'ஸந்ததம் பாஹிமாம்' ஆகிவிட்டது. எங்கிருந்து எடுத்தது என்பதைப் பெயரே சொல்கிறது. இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

அன்று இவ்வளவும் தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

பாட்டியிடம் சொல்லத்தான் பயம். போன வாரம் சொல்லிவிட்டேன், குடிகாரர்கள் விஷயம் உட்பட. கொஞ்சம் யோசித்தாள்.

"பாவம், அந்தப் பசங்களுக்கும் அம்பாள்தானே துணை. நீ வாசி."

வயலினுக்கு இரண்டு தந்தி புதிதாக வாங்க வேண்டியிருந்தது. வாங்கிவிட்டேன்.