கிரான்ஸ்ஃபோர்ஸில் ஒரு கோடாலி

ஸ்டாக்ஹோமிலிருந்து ஈ4 வீதியில் வடக்கே போய், ஹூடிக்ஸ்வால் தாண்டிக் காட்டுப்பக்கம் திரும்பினால் கிரான்ஸ்ஃபோர்ஸ் வரும். ஊர் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 1902இல் இருந்து கோடாலி செய்கிற ஒரு பட்டறை, கூடவே கோடாலிக்கென்றே ஒரு மியூசியம். "கோடாலி பாக்கவோ இவ்வளவு தூரம்?" என்று அம்மா காருக்குள் இரண்டு தரம் கேட்டுவிட்டா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

ஆசைப்பட்டது மகள். ஒன்பது வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் 'ஸ்லோய்ட்' என்ற கைவேலைப் பாடம் கட்டாயம். ஆண், பெண் எல்லாருக்கும் மரவேலையும் தையலும் உண்டு. அவள் முதலில் செய்துகொண்டு வந்தது பட்டர் பூசுகிற மரக்கத்தி. நானும் அந்த வயதில் அதைத்தான் செய்தேன். அது அம்மாவின் லாச்சிக்குள் எங்கேயோ கிடக்கும். பிறகு நான் மரத்தைத் தொட்டதில்லை, கோட் எழுதப் போய்விட்டேன்.

பட்டறைக்குள் நல்ல சூடு. சிவக்கக் காய்ந்த இரும்பைக் குறட்டால் பிடித்து, மெஷின் சுத்தியலுக்குக் கீழே திருப்பித் திருப்பிக் கொடுக்கிறார்கள். அடிப்பதுதான் மெஷின், எங்கே அடி விழ வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் கண்ணும் கையும். பிறகு வாய்ப்பக்கத்தை மட்டும் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார்கள். அப்படியே விட்டால் கூர் பொரிந்து உடைந்துவிடும் என்பதால், திரும்பவும் இளஞ்சூட்டில் வைத்து எடுக்கிறார்கள். பிடி பூட்டுகிற பக்கம் அவ்வளவு கடினமாகாது. சுத்தியல் தழும்புகளைத் தேய்த்து மறைப்பதில்லை, பெயின்டும் இல்லை.

வேலை திருப்தி என்றால், அடித்தவர் தன் பெயரின் முதலெழுத்துகளை அந்த இரும்பிலேயே குத்திவிடுகிறார். 'இந்தக் கோட் யார் எழுதினது?' என்று கேட்டால் எல்லாரும் மேசையைப் பார்க்கிற தொழில் என்னுடையது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அப்பா வாய் திறந்தார்.

"இது தோய்ச்சல். எங்கட ஊர்க் கொல்லர் லொறி வில்லில கத்தி அடிப்பார். பேரொண்டும் குத்தமாட்டார். ஆனா பாத்தாத் தெரியும், அவற்ற கையெண்டு. நான் துருத்தி ஊதியிருக்கிறன்."

முப்பது வருஷமாக இரவு கிளீனிங் வேலைக்குப் போன அப்பாவைத்தான் எனக்குத் தெரியும். துருத்தி ஊதினவரை இல்லை.

"ஏனப்பா எனக்கு ஒருநாளும் சொல்லேல்ல?"

"நீ படிக்க வேணுமெண்டு இருந்தம். இதுகளை ஏன் சொல்லுவான்?"

கடையில் அவரே தெரிந்தெடுத்தார். கோடாலியைத் தலைகீழாகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, வாய் பிடியோடு ஒரே நேராக இருக்கிறதா என்று பார்த்தார். மூன்றைத் திரும்ப வைத்தார். விலை பார்த்து அம்மா மூச்சை இழுத்தா.

(உங்கள் பிள்ளை இன்னும் சின்னது என்றால் கோடாலியில் தொடங்க வேண்டாம். டாலர்னா மாகாணத்து மோராவில், 1891இல் எரிக் ஃப்ரோஸ்ட் தொடங்கிய பட்டறையின் வழியில் வருகிற கத்திகள் விலை மலிவு. முனை மழுங்கின, விரல் வழுக்காமல் தடுப்பு வைத்த பிள்ளைகள் கத்தியும் உண்டு. ஆனால் காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி கொண்டு திரிவது ஸ்வீடனில் குற்றம். காட்டுக்கும் வேலைக்கும் மட்டும்தான்.)

பின்னேரம், நாங்கள் எடுத்திருந்த மரவீட்டுக்குப் பின்னால் பேர்ச் கட்டைகள் கிடந்தன. அப்பா மகளைக் குற்றிக்கு முன்னால் முழங்காலில் இருத்தினார். "கட்டைப் பிடிக் கோடாலிக்கு இப்பிடித்தான். தவறினாலும் மண்ணில விழும், காலில விழாது." அம்மா பார்க்கமாட்டேன் என்று உள்ளே போய்விட்டா. நான் நீட்டின கையை மடக்கத் தெரியாமல் நின்றேன். முதல் இரண்டு அடியும் வழுக்கியது. மூன்றாவது அடியில் கட்டை பிளந்தது.

அவள் கோடாலியை அப்பாவிடம் நீட்டினாள்.

"கையில தராத. கீழ வை, நான் எடுக்கிறன்."

"ஏன் அப்பப்பா? பிடிப் பக்கமாக் குடுக்கச் சொல்லி டீச்சர் சொன்னவா."

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"சரி, டீச்சர் சொன்னமாதிரியே தா" என்று கையை நீட்டினார்.